கும்பிடுபூச்சிக் குஞ்சுக்கு என்ன உணவு?

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, எங்கள் வீட்டுக் கொல்லையில் எலுமிச்சைக் கிளை ஒன்றில் பழுப்பு நிறக் கட்டி ஒன்று ஒட்டியிருப்பதைக் கண்டேன். ஒரு நெல்லிக்காய் அளவு இருக்கும். சோப்பு நுரை காய்ந்து இறுகியது போன்ற தோற்றம். அது கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு என்று எங்கள் அறிவியல் ஆசிரியர் சொன்னார். உடனே கிளையோடு ஒடித்து வந்து ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, மேசைமேல் வைத்துவிட்டேன். மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் பார்த்தால் சீசாவுக்குள் ஒரே நடமாட்டம். கொசுவைவிடச் சற்றுப் பெரிய குஞ்சுகள், நூற்றுக்கும் மேற்பட்டவை, முன்கால்களை மடக்கிக் கும்பிட்டபடி கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தன!

அந்த மகிழ்ச்சி நான்கு நாள்தான் நீடித்தது. சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன். சோற்றுப் பருக்கை வைத்தேன். தளிர் இலையைக் கிள்ளிப் போட்டேன். எதையும் அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஒன்றையொன்றுதான் பார்த்தன. வலியது எளியதைத் தின்றது. எட்டாம் நாள் சீசாவில் சில உலர்ந்த கால்கள் மட்டுமே கிடந்தன.

குஞ்சு வெளிவந்த பிறகு நான் செய்த தவறு என்று எதுவும் இல்லை. தவறு அதற்கு முன்பே நடந்துவிட்டது. கும்பிடுபூச்சி வளர்க்க விரும்புகிறவர் முதலில் வளர்க்க வேண்டியது கும்பிடுபூச்சியை அன்று, அதன் உணவை! இதை அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீங்களாவது இந்தக் கட்டுரையைப் படித்த பிறகு கூட்டைத் தேடிப் போங்கள்.

கூடு எங்கே கிடைக்கும்?

கும்பிடுபூச்சியைச் சில ஊர்களில் தயிர்க்கடைப் பூச்சி என்பார்கள். நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுவதால் அந்தப் பெயர். பச்சை நிறத்தில் நான்கு விரற்கடை நீளம் வளரும் ஹைரோடூலா வகையை நம் தோட்டங்களில் எளிதாகக் காணலாம். தாய்ப்பூச்சி வயிற்றின் நுனியிலிருந்து ஒரு பசையைச் சுரந்து, அதை நுரையாகக் கடைந்து, அந்த நுரைக்குள் வரிசை வரிசையாக முட்டைகளை இடுகிறது. சிறிது நேரத்தில் நுரை இறுகி முட்டைகளுக்கு உறையாகிவிடும். எலுமிச்சை, செம்பருத்தி, மருதாணி வேலி, சுற்றுச்சுவரின் மூலை, ஏன், சன்னல் கம்பியில்கூட இக்கூட்டைக் காணலாம்.

எடுக்குமுன் கூட்டை நன்றாக உற்றுப் பாருங்கள். அதன் பக்கங்களில் குண்டூசி முனையால் குத்தினாற்போல வட்டத் துளைகள் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பொடாக்ரியான் என்னும் சிறு குளவி, தன் உடலைவிட நீண்ட முட்டையிடும் ஊசியை நுரைக்குள் செலுத்திக் கும்பிடுபூச்சியின் முட்டைகளுக்குள் தன் முட்டைகளை வைத்துவிடும். அதன் புழுக்கள் உள்ளேயே தின்று வளர்ந்து குளவிகளாகி, அந்தத் துளைகள் வழியே வெளியேறும். துளையில்லாத கூட்டிலும் குளவிக் குஞ்சு ஒளிந்திருக்கக்கூடும். பளபளக்கும் பச்சை நிறத்தில் சிறு குளவிகள் உங்கள் சீசாவில் தோன்றினால் ஏமாந்து போகாதீர்கள். நம்மை அவை கொட்டமாட்டா. பின்காலின் பருத்த தொடையிலுள்ள பற்களை உருப்பெருக்கியால் பார்த்துவிட்டு வெளியே விடுங்கள். அதுவும் பார்க்க வேண்டிய காட்சியே.

கூட்டைக் குச்சியோடு வெட்டி, அகன்ற வாயுள்ள பெரிய சீசாவில், அது மரத்தில் எவ்வாறு இருந்ததோ அதே நிலையில் நிறுத்துங்கள். அடியில் படுக்கப் போட்டால் குஞ்சுகள் தொங்கி இறங்க இடமிராது. வாயைக் கொசுவலைத் துணியால் மூடி ரப்பர் வளையம் போடுங்கள். உள்ளே நாலைந்து ஈர்க்குச்சிகளைச் சாய்த்து வையுங்கள். வீட்டில் சர்க்கரை டப்பாவை எறும்புக்குப் பயந்து தண்ணீர்த் தட்டில் வைப்பார்கள் அல்லவா? உங்கள் சீசாவையும் அப்படியே வையுங்கள். கும்பிடுபூச்சிக் குஞ்சுகளின் முதற் பகைவன் எறும்புதான். பிரெஞ்சு நாட்டுப் பூச்சியியலறிஞர் ழான் ஆன்ரி ஃபாப்ர், குஞ்சுகள் பொரிந்துவரும் நேரத்தை எதிர்பார்த்து எறும்புகள் கூட்டருகே காத்திருந்து அவற்றை இழுத்துச் செல்வதைக் கண்டு எழுதியிருக்கிறார்.

வெப்பமான நாட்களில் முட்டையிட்ட மூன்று முதல் ஆறு வாரத்தில் குஞ்சுகள் வெளிவரும். ஆனால் நீங்கள் கண்டெடுத்த கூட்டின் வயது உங்களுக்குத் தெரியாது. நாளைக் காலையே பொரியலாம். ஆகையால் கூட்டைக் கொண்டுவந்த அன்றே, இல்லை, அதற்கு ஒரு வாரம் முன்பே, அடுத்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

ஈப்பண்ணை

பொரிந்த குஞ்சின் நீளம் சுமார் 7 மில்லிமீட்டர். அதன் வாய்க்கு ஏற்ற இரை 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. உயிரோடு அசைய வேண்டும். நாள்தோறும் கிடைக்க வேண்டும். இந்த மூன்று தகுதியும் உடைய ஒரு பூச்சி எல்லார் வீட்டிலும் உண்டு. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும் சிவந்த கண்ணுடைய சின்னஞ்சிறு ஈயே அது. இதன் பெயர் டிரோசோஃபிலா. 1910இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் வெள்ளைக் கண்ணுடைய ஆண் ஈ ஒன்றைக் கண்டு, அதைக்கொண்டு மரபியலின் அடிப்படையையே விளக்கினாரே, அதே ஈதான். மார்கனுக்கு 1933இல் நோபல் பரிசு கிடைக்கக் காரணமான இப்பூச்சி, நமக்கு இங்கே வெறும் தீனி!

நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தை மசித்து ஒரு சிறு சீசாவின் அடியில் இரண்டு விரற்கடை உயரம் போட்டு, மூடாமல் அடுக்களையில் வையுங்கள். ஓரிரு நாளில் பத்துப் பதினைந்து ஈக்கள் நுழைந்திருக்கும். உடனே துணியால் வாயைக் கட்டிவிடுங்கள். ஈ இட்ட முட்டை ஒரு நாளில் பொரிந்து புழுவாகும். புழு நாலைந்து நாள் பழத்தில் நெளிந்து தின்றபின் சுவரில் ஏறிக் கூட்டுப்புழுவாகும். மேலும் நாலைந்து நாளில் ஈ வெளிவரும். ஆக முட்டையிலிருந்து ஈ வரை சுமார் பத்து நாள். கூட்டுப்புழுக்கள் ஒட்டிக்கொள்ள ஒரு காகிதத்தைக் கசக்கிச் செருகி வையுங்கள்.

வாழைப்பழத்தில் ஒரு குறை உண்டு. அது நீர்த்துப்போய், வரும் ஈக்களில் பாதி அதில் ஒட்டிச் சாகும். நம் நாட்டு ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் ரவையையும் வெல்லத்தையும் அகாரோடு சேர்த்துக் காய்ச்சிய கெட்டிக் கஞ்சியில்தான் இந்த ஈக்களை வளர்க்கிறார்கள். அகார் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஒரு பங்கு ரவை, ஒரு பங்கு வெல்லம். களிபோல் கெட்டியாகும் வரை கிளறி, சூடாகவே சீசாவில் ஊற்றி ஆறவிடுங்கள். பூஞ்சணம் பிடிக்காமலிருக்கச் சில சொட்டு வினிகரும், ஈக்களுக்குச் சத்தாக ரொட்டிக் கடைகளில் பயன்படுத்தும் ஈஸ்ட் ஒரு சிட்டிகையும் சேர்க்கலாம். அம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டு அடுப்பை மூட்டுங்கள். எதற்கு என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

எத்தனை சீசா வேண்டும்? இங்கே சிறிது கணக்குப் போட வேண்டும். பத்துக் குஞ்சுகளை வளர்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு குஞ்சுக்கு நாளொன்றுக்கு மூன்று ஈ. இருபது நாளைக்கு 10 × 3 × 20 = 600 ஈக்கள். ஒரு சிறு சீசாவிலிருந்து நூறு, இருநூறு ஈக்களை எதிர்பார்க்கலாம். எனவே நாலைந்து சீசாக்கள் தேவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் ஈக்களும் ஒரே வாரத்தில் வந்து தீர்ந்துவிடும். ஐந்து நாளைக்கு ஒரு சீசாவாகத் தொடங்குங்கள்.

சித்திரை, வைகாசியில் வளர்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை. வெப்பம் 30 டிகிரி செல்சியசுக்குமேல் நீடித்தால் ஆண் ஈக்கள் மலடாகத் தொடங்கும். ஈக்கள் உயிரோடு இருக்கும், முட்டையும் இருக்கும், புழு மட்டும் வராது. ஈச்சீசாக்களை ஈரமணல் பரப்பிய தட்டில், தண்ணீர்ப் பானைக்கு அருகில் வைத்தால் சில டிகிரி குறையும்.

பொரியும் காலை

குஞ்சுகள் பெரும்பாலும் காலை வேளையில், ஒரே சமயத்தில் கூட்டமாக வெளிவரும். கூட்டின் நடுக்கோட்டிலிருந்து முதலில் வருபவை கும்பிடுபூச்சிபோலவே இரா. கால்கள் உடலோடு ஒட்டிய, மெல்லிய உறையால் மூடிய புழுக்கள்போல் இருக்கும். நூலிழைகளில் தொங்கியவாறே அவ்வுறையைக் கழற்றியதும்தான் கால் முளைத்தது போல் உருமாறும். வண்ணத்துப்பூச்சிக்கு உள்ளது போன்ற கூட்டுப்புழுப் பருவம் இதற்குக் கிடையாது. சிறகு ஒன்று நீங்கலாகக் குஞ்சு தாயைப் போலவே இருக்கும். இதைக் குறை உருமாற்றம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள்.

முதல் நாள் உணவு வேண்டாம், தண்ணீர் வேண்டும். விரலைத் தண்ணீரில் தோய்த்துக் கொசுவலை வழியே சுண்டிவிடுங்கள். சீசாவின் சுவரில் விழும் சிறு துளிகளைக் குஞ்சு குனிந்து குடிப்பதைக் காணலாம். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் விழுந்து இறக்கும். கோடையில் காலையும் மாலையும், மற்ற நாட்களில் ஒரு வேளையும் தெளித்தால் போதும்.

அன்று மாலையே குஞ்சுகளில் பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை வெளியே விட்டுவிடுங்கள். இது மனத்துக்குக் கடினமான வேலை. எல்லாவற்றையும் வளர்க்கலாமே என்று தோன்றும். மேலே போட்ட கணக்கை நூறு குஞ்சுக்குப் போட்டுப் பாருங்கள். இருபது நாளில் 6000 ஈ! கூட்டை எடுத்த அதே தோட்டத்தில், ஒரே செடியில் கொட்டாமல், செடிக்கு நாலைந்தாக விடுங்கள். கையால் பிடிக்காதீர்கள். மெல்லிய இறகு அல்லது வண்ணத் தூரிகையின் நுனியைக் காட்டினால் தானே ஏறிக்கொள்ளும்.

இரண்டாம் நாள் ஈக்களைக் கொடுக்கத் தொடங்கலாம். ஆனால் ஈச்சீசாவைத் திறந்தால் ஈக்கள் அறை முழுவதும் பறந்துவிடுமே! அதற்கு ஒரு தந்திரம் உண்டு. டிரோசோஃபிலா வெளிச்சத்தை நோக்கியும் மேல்நோக்கியும் செல்லும் இயல்புடையது. ஈச்சீசாவைக் கறுப்புத் துணியால் சுற்றி, அதன் வாயின்மேல் குஞ்சுகளின் சீசாவைக் கவிழ்த்துப் பொருத்தி, சன்னலருகே பிடியுங்கள். இரண்டு நிமிடத்தில் வேண்டிய அளவு ஈக்கள் தாமே மேலே ஏறிவிடும். உடனே நடுவில் ஓர் அட்டையைச் செருகிப் பிரித்துவிடலாம். தப்பிய ஓரிரண்டு ஈக்களுக்கு வீட்டார் திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். ஈ அருகில் வந்ததும் குஞ்சின் தலை மட்டும் திரும்பும். பூச்சிகளில் இப்படித் தலையைத் திருப்பிப் பார்ப்பவை மிகச் சில. பிறகு உடலை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டும். ஓடும் ரயிலிலிருந்து பார்க்கும்போது பக்கத்து மரம் வேகமாகவும் தொலைவு மலை மெதுவாகவும் நகர்வதைக் கண்டிருப்பீர்கள். அதே கணக்கில், தன் தலையை அசைத்துப் பொருளின் தொலைவை அது அளக்கிறது. திடீரென்று முன்கால்கள் நீளும், மடங்கும், ஈ உள்ளே! வினாடியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். நாம் பார்ப்பது அதன் பின் நடக்கும் சாப்பாட்டைத்தான்.

கும்பிடுபூச்சி நம்மைப்போல் இரண்டு கண்களின் காட்சிகளையும் ஒப்பிட்டுத் தொலைவை உணர்கிறது என்பதை, அதன் கண்களுக்கு முன் பட்டகங்களை வைத்து 1983இல் சாமுவேல் ராசெல் மெய்ப்பித்தார். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜென்னி ரீடு குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பச்சை, நீல நிற வடிகட்டிகளை வெட்டிக் கண்ணாடி செய்து, தேன்மெழுகால் பூச்சியின் முகத்தில் ஒட்டி, அதற்கு முப்பரிமாணத் திரைப்படம் காட்டினார்கள்! திரையில் தெரிந்த இரையை, தன் முன்னே இருப்பதாக எண்ணிப் பூச்சி தாவிப் பிடிக்க முயன்றது. இது 2016இல் வெளியானது. 2018இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு நமக்கு நேராகப் பயன்படுவது. கும்பிடுபூச்சி, காட்சியில் மாறிக்கொண்டிருக்கும் பகுதிகளை மட்டுமே ஒப்பிட்டு ஆழத்தை அறிகிறதாம். சோற்றுப் பருக்கையும் தளிரிலையும் என் குஞ்சுகளுக்கு ஏன் உணவாகத் தெரியவில்லை என்பது இப்போது விளங்குகிறதா? அசையாத பொருள் அதற்கு இரையே அன்று.

வயிற்றைப் பார்த்து உணவு கொடுங்கள். வயிறு தட்டையாக இருந்தால் பசி. உப்பியிருந்தால் அன்றைக்குப் போதும். முதல் இரண்டு வாரம் பத்தும் ஒரே சீசாவில் இருக்கலாம், உணவு குறையாதவரை. இரண்டாவது தோலுரிப்புக்குப் பின் ஆளுக்கொரு சீசா கொடுத்துவிட வேண்டும். அதன்பின் எவ்வளவு ஈ இருந்தாலும் உடன்பிறப்பின்மேல்தான் கண் போகும்.

இன்னொன்று. பூச்சிகள் இருக்கும் அறையில் கொசுவர்த்திச் சுருளோ, மின்சாரத்தில் செருகும் கொசுவிரட்டியோ வைக்கக் கூடாது. அவற்றிலுள்ள பைரித்ராய்டு மருந்துகள் கொசு என்றும் கும்பிடுபூச்சி என்றும் வேறுபாடு பார்ப்பதில்லை.

தோலுரிக்கும் நாள்

பூச்சியின் மேல்தோல் கைட்டினால் ஆன கெட்டிச் சட்டை. உள்ளே உடல் வளரும், சட்டை வளராது. ஆகவே அதைக் கழற்றியே தீரவேண்டும். பறக்கும் பருவத்தை அடைவதற்குள் ஹைரோடூலா ஏழு முதல் ஒன்பது முறை தோலுரிக்கும். இறக்கும் குஞ்சுகளில் பல, பசிக்கு அடுத்தபடியாக, இந்த வேளையில்தான் இறக்கின்றன.

தோலுரிக்கப்போகும் பூச்சி ஓரிரு நாள் முன்பே உணவை மறுக்கும். வளர்ந்த பூச்சியானால் நாலைந்து நாள்கூட மறுக்கும். ‘பாவம், சாப்பிடவில்லையே’ என்று மேலும் மேலும் இரையைப் போடாதீர்கள். அப்படிப் போட்டு நான் ஒரு பூச்சியை இழந்தேன். மூன்று மாதம் வளர்த்து, சிறகு மொட்டுகள் பருத்து, இன்னும் ஒரே தோல் உரிக்க வேண்டியிருந்த பெண் பூச்சி அது. இரவு ஒரு சில்வண்டை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தபோது சில்வண்டு கொழுத்திருந்தது. தோல் உரித்த மென்மையான உடலைத் தற்காத்துக்கொள்ளப் பூச்சியால் முடியாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

உணவை மறுக்கத் தொடங்கியதும் உள்ளிருக்கும் இரையை அகற்றிவிடுங்கள். கொசுவலையை இலேசாக நனைத்து வையுங்கள். காற்று மிக வறண்டிருந்தால் பழைய தோல் கால்களில் ஒட்டிக்கொள்ளும். பூச்சி வலையில் தலைகீழாகத் தொங்கும். முதுகில், தலைக்குப் பின்னால், தோல் வெடிக்கும். உடலின் எடையே அதைக் கீழே இழுக்க, புதிய பூச்சி பழைய சட்டையிலிருந்து மெல்ல நழுவி வரும். அரைமணி நேரம் இது நடக்கும்போது மேசையைக்கூட ஆட்டக் கூடாது. கீழே விழுந்தால் கால்கள் வளைந்து இறுகிவிடும். சீசாவின் உயரம் பூச்சியின் நீளத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். வெளியே வந்தபின்னும் ஒரு முழு நாள் கழித்தே உணவு.

நடக்கும் கால்களில் ஒன்று போய்விட்டால் வருந்த வேண்டாம். அடுத்தடுத்த தோலுரிப்புகளில் அது முதலில் குட்டையாகவும் பிறகு நீளமாகவும் மீண்டும் முளைக்கும். இதைப் பார்ப்பதற்காக யாரும் காலை வெட்டிவிடாதீர்கள்!

கழற்றிய தோலை எறிய வேண்டாம். கால் முள் முதல் உணர்கொம்பு வரை எல்லாம் அச்சாக அதில் இருக்கும். தேதியிட்டு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிவையுங்கள். அதைக்கொண்டு ஒரு நல்ல சோதனை செய்யலாம். ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 1903இல் ஒரு பரிசோதனை உயிரியல் நிலையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹான்ஸ் பிரிஷிப்ராம், ஆப்பிரிக்கக் கும்பிடுபூச்சி ஒன்றை வளர்த்து ஒவ்வொரு தோலுரிப்பிலும் எடை போட்டார். அவரும் மெகுசார் என்பவரும் 1912இல் வெளியிட்ட முடிவு இது: ஒரு தோலுரிப்பிலிருந்து அடுத்த தோலுரிப்புக்குள் பூச்சியின் எடை இருமடங்காகிறது. எடை இருமடங்கானால் நீளம் எவ்வளவு கூடும்? நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே விகிதத்தில் பெருகுவதால், 2இன் கனமூலம், அதாவது 1.26. யூதரான பிரிஷிப்ராம் இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமில் 1944இல் இறந்தார். அவருடைய ஆய்வு நிலையமும் அழிந்தது. அந்த விகிதம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

நீங்கள் தராசு தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு தோலிலும் பின்காலில் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியை அளந்தால் போதும். ஒரு தோலில் 8 மில்லிமீட்டரும் அடுத்ததில் 10 மில்லிமீட்டரும் இருந்தால் விகிதம் 1.25. முதல் இரண்டு தோல்கள் மிகச் சிறியவை. அளவுகோலில் அரை மில்லிமீட்டர் பிசகினாலே கணக்கு கெட்டுவிடும். மூன்றாவது தோலிலிருந்து தொடங்குங்கள். எல்லாப் பூச்சிகளும் இவ்விதிக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை என்று பிற்காலத்தில் கண்டார்கள். உங்கள் பூச்சியின் விகிதம் எவ்வளவு என்பதை அதன் தோல்தான் சொல்ல வேண்டும்.

வளர வளர என்ன கொடுப்பது?

மேலே சொன்ன இருமடங்குக் கணக்கை உணவுக்கும் பொருத்திப் பாருங்கள். எட்டுத் தோலுரிப்பில் 2 × 2 × 2 என்று எட்டு முறை பெருக்க, 256 மடங்கு எடை. அந்த எடை முழுவதும் நீங்கள் கொடுத்த இரையிலிருந்துதான் வரவேண்டும். ஆகையால் மூன்றாவது தோலுரிப்புக்குப் பிறகு டிரோசோஃபிலாவைக் கொண்டு காலந்தள்ள முடியாது. பெரிய பூச்சி சின்ன ஈயைக் கவனிக்காமலே விட்டுவிடும். கவனித்தாலும் பிடிக்கச் செலவிடும் ஆற்றலுக்கு ஈடாகாது. பூச்சியின் நீளத்தில் பாதிக்கு மேற்படாத இரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நடுப்பருவத்துக்கு எனக்குப் பெரிதும் உதவியது, பழைய கம்பிலும் அரிசியிலும் நூலாம்படை கட்டி வாழும் அந்துப்பூச்சி. பயிர்ப் பூச்சிகளின் முட்டைகளை அழிக்கும் டிரைக்கோகிரம்மா குளவியைப் பெருக்குவதற்காக வேளாண்மை ஆய்வுக்கூடங்களில் இதே அந்துப்பூச்சியை உடைத்த கம்பில் வளர்க்கிறார்கள். ஒரு டப்பாவில் அரைக்கிலோ உடைத்த கம்பையும், அந்துப் பிடித்த தானியத்தில் ஒரு கைப்பிடியையும் போட்டுத் துணியால் மூடி வையுங்கள். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் அந்துகள் பறக்கும். குஞ்சு பொரிந்த அன்றே இதைத் தொடங்கினால் சரியான வேளையில் கைகொடுக்கும். டப்பாவை வீட்டு மளிகை அறையில் வைக்காதீர்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

அதற்கும் மேல், புல்வெளியில் துணிவலையை வீசிப் பிடிக்கும் சிறு வெட்டுக்கிளிகள், வீட்டு ஈ, இளம் கரப்பான் இவையெல்லாம் ஆகும். எறும்பு வேண்டாம், முடியுள்ள கம்பளிப்புழு வேண்டாம், மருந்தடித்த வயலில் பிடித்த எதுவும் வேண்டவே வேண்டாம். வளர்ந்த பூச்சிக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறை உணவு போதும். தின்று மீந்த சிறகு, கால்களைக் குச்சியால் எடுத்துவிடுங்கள்.

மூன்று நான்கு மாதத்தில் கடைசித் தோல் உரிந்து சிறகுகள் விரியும். பத்தில் மூன்று நான்கு இந்தக் கட்டத்தை எட்டினால் நீங்கள் கைதேர்ந்தவர். வயிற்றின் அடிப்புறத்தில் தெரியும் வளையங்களை எண்ணுங்கள். ஆறு இருந்தால் பெண். எட்டு இருந்தால் ஆண். ஆணையும் பெண்ணையும் ஒரே சீசாவில் விட்டால் ஆண் இரையாகிவிடக்கூடும். இரண்டையும் கூடு கிடைத்த தோட்டத்திலேயே வெவ்வேறு செடிகளில் விட்டுவிடுவது நல்லது.

பெண்ணை விடாமல் வைத்திருந்தால், துணை சேராமலே அது ஒரு நாள் சீசாவின் குச்சியில் நுரையைக் கடைந்து கூடு கட்டிவிடும். அந்தக் கூட்டிலிருந்து குஞ்சு வருமென்று ரவைக்கஞ்சி காய்ச்சிக்கொண்டு காத்திருக்காதீர்கள். கருவுறாத முட்டைகள் அவை. அடுத்த கூட்டுக்கு எலுமிச்சை மரத்தைத்தான் பார்க்க வேண்டும்.